மூச்சு விடும் உறை

நீலப் பூப்போட்ட வாயில் சேலையில் தைத்த ஓர் உறை. முன்பக்கம் நாடா வைத்துக் கட்டியிருக்கும். பின்பக்கம் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சதுர ஓட்டை. சர்வர் என்றால் என்னோடு வேலை பார்ப்பவர்களுக்கு வரிசையாக விளக்குகள் மினுக்கும் குளிரூட்டிய அறை நினைவுக்கு வரும். எனக்கு இந்த உறைதான் வரும், கூடவே அதைத் தைத்த செயலாளர் அக்காவும்.

அக்கா மலைமேல் கரியாலூரில் சாமை விளைவிக்கும் குடும்பங்களின் சங்கத்துக்குச் செயலாளராக இருந்தார். படிப்பை முடித்துவிட்டுக் கள்ளக்குறிச்சியில் இருப்புக்கொள்ளாமல் திரிந்த நான் சங்கத்துக்கு ஒரு செயலி எழுதிக் கொடுத்திருந்தேன். எந்த ஊரில் எத்தனை மூட்டை தயார் என்று மலைக்காரர்கள் போனில் பதிவார்கள். உளுந்தூர்பேட்டை வியாபாரியின் லாரி அந்த ஊர்களுக்கு ஏறி வரும். செயலி ஏதோ ஒரு கம்பெனியின் இலவச சர்வரில் ஓடிக்கொண்டிருந்தது. ஒருநாள் அவர்கள் இலவசத்தை நிறுத்தினார்கள். அந்த வாரம் லாரி வரவில்லை. தூறலில் மூட்டைகளோடு ரோட்டோரம் காத்திருந்தவர்கள் கம்பெனியைத் திட்டவில்லை, என்னையும் திட்டவில்லை. கண்ணெதிரே இருந்த அக்காவைத்தான் திட்டினார்கள். அடுத்த லாரியும் வராவிட்டால் பழையபடி தரகரிடமே போய்விடுவோம் என்றும் சொல்லிவிட்டார்கள்.

"அவன் எங்க இருக்கான்னே தெரியல, எப்ப மூடுவான்னும் தெரியல. நம்ம ஆபீஸ்ல சும்மா ஒரு கம்ப்யூட்டரு கெடக்குதே பாப்பா, அதுல ஓட்ட முடியாதா?" என்று கேட்டார்.

அதைத்தான் நான் செய்து பார்க்கத் துடித்துக்கொண்டிருந்தேன். செயலிகளை நம் சொந்தக் கணினியிலேயே ஏற்றி, இணையத்தோடு இணைத்து, விழுந்தால் தூக்கியும் நிறுத்தும் ஒரு தளம் இருந்தது. ஒரே ஒரு வரிக் கட்டளையில் எல்லாம் இறங்கிவிடும். லாரி வருவதற்கு முந்தின நாள் மலையேறினேன். பழைய விண்டோஸை அழித்து லினக்ஸ் போட்டு, அந்த வரியை அடித்தேன். திரையில் எழுத்துகள் சரசரவென்று ஓட, ஒவ்வொன்றும் என்னவென்று அக்காவுக்கு விளக்கிக்கொண்டே போனேன். பொறுமையாகக் கேட்டவர், "அதெல்லாம் இருக்கட்டும். நாளைக்கு லாரி வருமா?" என்றார்.

ஓடிக்கொண்டிருக்கட்டும் என்று டீ குடிக்கப் போய்த் திரும்பினால் திரை இருண்டிருந்தது. கணினிப் பெட்டியின் மேல் நீலப் பூக்கள். மிக்ஸிக்கும் டிவிக்கும் உறை தைப்பதுபோல அக்கா அதற்கும் ஆசையாக ஒன்று தைத்து வைத்திருந்தார். ஜன்னல் வழியே பனிமூட்டம் உள்ளே வந்ததும் எடுத்துப் போர்த்தி, நாடாவையும் இறுக்கிக் கட்டிவிட்டார். பெட்டி தோசைக்கல்லாகக் கொதித்தது. சூடு தாங்காமல் தானே அணைந்திருந்தது.

"குளுருதேன்னு போத்துனேன் பாப்பா," என்றார். பிறகு குரல் இறங்கிவிட்டது. "செத்துப்போச்சா? நாளைக்கு இன்னா சொல்லிக்கினு அவங்க மூஞ்சில முழிப்பேன்?"

நான் பெட்டியின் பக்கத்தகட்டைக் கழற்றினேன். அவர் சாமை புடைக்கும் முறத்தை எடுத்து வந்து அதற்கு விசிறினார். சூடு அடங்கியதும் அதே வரியை மறுபடி அடித்தேன். ஏற்கெனவே இறங்கியதை விட்டுவிட்டு மிச்சத்தை இறக்கியது. செயலியை ஏற்றினேன். ஓடுகிறது என்று காட்டும் பச்சைப் புள்ளி திரையில் எரிந்தது. அக்கா அந்தப் புள்ளியை நம்பவில்லை. தன்னை அதிகம் திட்டியவருக்கே போன் போட்டு மூட்டையைப் பதியச் சொன்னார். அவருடைய ஊர்ப்பெயர் திரையில் வந்ததும் கத்தரிக்கோலை எடுத்தார். பெட்டியின் ஃபேன் எங்கே இருக்கிறது என்று கேட்டு, உறையில் அந்த இடத்தைச் சதுரமாக வெட்டினார். "இப்ப மூச்சு வுடும்."

மறுநாள் லாரி ஏறி வந்தது.

அக்கா இப்போது திருநாவலூரில் மகளோடு இருக்கிறார். நான் சென்னையில், எந்த நாட்டில் இருக்கின்றன என்றே தெரியாத சர்வர்களில் செயலிகளை ஏற்றுகிறேன். போன மாதம் கரியாலூர் போயிருந்தேன். அதே பெட்டி, அதே உறை. துவைத்துத் துவைத்துப் பூக்கள் வெளுத்திருந்தன. ஓட்டையின் பிசிறை யாரோ மடித்துத் தைத்திருந்தார்கள். அங்கிருந்தே அக்காவை அழைத்தேன். அவர் என் நலம்கூட விசாரிக்கவில்லை.

"மூச்சு வுடுதா பாப்பா?"

ஓட்டையில் உள்ளங்கையை வைத்தேன். வெதுவெதுப்பான காற்று.

"வுடுதுக்கா," என்றேன்.