கண்ணை மூடி வாங்கிய அரிசி

புழுத்த அரிசிக்கு ஒரு வாடை உண்டு. ஈரக் கோணியும் எலிப்புழுக்கையும் பழைய எண்ணெய்ச் சிக்கும் ஒன்றாகக் கலந்து, மூக்கில் ஏறிய மாத்திரத்தில் தொண்டைக்குள் இறங்கி, வாயில் எச்சிலை ஊறவைத்துக் குமட்டும் வாடை அது. அதை நான் முதன்முதலாக அறிந்தது யுத்தகாலத்தில், அன்னவாசலில், நோன்பு மாதத்தின் கடைசி நாளன்று, அதுவும் தர்மம் என்ற பெயரில். அந்த அருவருப்பு இத்தனை வயதுக்குப் பிறகும் என்னைவிட்டுப் போகவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நிதானமாக எழுத முயல்கிறேன். எங்கேயாவது தவறினால் வாசிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

என் அத்தா, அதாவது அப்பா, பினாங்கில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை பார்த்தார். கப்பலேறிப் பிழைக்கப் போனவர்களை எங்கள் பக்கத்தில் 'சபுராளி' என்பார்கள். சபுராளி வீடு என்றால் ஊரில் கொஞ்சம் மதிப்பு. ஜப்பான்காரன் மலாயாவுக்குள் நுழைந்ததும் அத்தாவிடமிருந்து வந்துகொண்டிருந்த கடிதமும் நின்றது, மணியார்டரும் நின்றது. அவர் உயிரோடிருக்கிறாரா என்றே தெரியாமல் அம்மா இடியாப்பம் பிழிந்து விற்க ஆரம்பித்தாள். பர்மா அரிசி வராமல் போய், ஊருக்குள் அரிசி என்ற சொல்லே ரகசியம் பேசுகிற குரலில் பேசப்படும் காலம் வந்தபோது அதுவும் நின்றுபோனது.

அம்மாவின் பெயர் ஜுலைகா. எழுதப் படிக்கத் தெரியாது. குர்ஆன் ஓத மட்டும் தெரியும். ஓதியதன் பொருளை, பள்ளிவாசலில் தொழவைக்கும் அஜரத்தின் பயானில், அதாவது மார்க்கப் பிரசங்கத்தில், கேட்டுக் கேட்டு மனத்தில் ஏற்றி வைத்திருந்தாள். நோன்பு மாதத்து இரவுகளில் பெண்கள் தொழுவதற்காகப் பள்ளிவாசலை ஒட்டி ஓலைக் கொட்டகை போடுவார்கள். நடுவில் திரை, அந்தப் பக்கம் அஜரத்தின் குரல், இந்தப் பக்கம் துப்பட்டி போர்த்திய பெண்கள். மற்றவர்கள் தூங்கி விழும்போது அம்மா மட்டும் திரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

நோன்புப் பெருநாள் தொழுகைக்கு முன்னால், வீட்டிலுள்ள ஒவ்வொரு உயிருக்கும், பிறந்த பச்சைப்பிள்ளைக்குங்கூட, ஒரு அளவு தானியம் எடுத்து இல்லாதவர்களுக்குக் கொடுத்துவிட வேண்டும். அதற்குப் பெயர் 'பித்ரா'. பெருநாளன்று ஒருவரும் கையேந்திக்கொண்டு தெருவில் நிற்கக் கூடாது என்பதுதான் அதன் நோக்கம். அத்தா பணம் அனுப்பிய வருஷங்களில் அம்மா எங்கள் வீட்டுப் பித்ரா அரிசியை முறத்தில் போட்டு, நாங்கள் சாப்பிடும் அரிசியில்கூடக் காட்டாத கவனத்தோடு கல்லும் நெல்லும் பொறுக்கிக்கொண்டிருப்பாள். "நம்ம அரிசியிலே கல்லு கடிச்சா நம்மதான் வையப்போறோம். அவங்க வாயிலே கடிச்சா யாரை வைவாங்க?" என்பாள். பொழுது சாய்ந்த பிறகு துப்பட்டிக்குள் மறைத்து எடுத்துப்போய், வாங்குகிறவரின் முகத்தைப் பார்க்காமல் கொடுத்துவிட்டுத் திரும்புவாள். அப்படிக் கொடுத்தவள், அந்த வருஷம் வாங்குகிறவர்களின் வரிசைக்கு வந்து சேர்ந்தாள்.

அந்த வருஷம் கொடுத்தவரை ஊரில் 'மண்டி ராவுத்தர்' என்பார்கள். சந்தைப்பேட்டைக்குப் பக்கத்தில் அவருக்கு அரிசி மண்டி. அதன் பின்னால் ஜன்னலில்லாத ஒரு கிடங்கு. நெற்றியில் தொழுத தழும்பு, கையில் எப்போதும் உருளும் தஸ்பீஹ் மணி, பள்ளிவாசலில் முதல் வரிசையில் இடம். போன ஐப்பசிக்கு முன்பே அவர் மூட்டைகளை வாங்கி அடுக்கி, விலை இன்னும் ஏறட்டும் என்று கிடங்கைப் பூட்டியிருந்தார். அடைமழையில் கூரை ஒழுகியது. மேலே இருந்த மூட்டைகள் நனைந்து, நனைந்தது காயாமல், மாதக்கணக்கில் இருட்டில் வெந்துகொண்டிருந்தன. ஊர் பசித்துக் கிடந்தபோது பூட்டைத் திறக்காத மனிதர், விற்கிற நிலையில் எது இல்லையோ அதை மட்டும் வெளியே எடுத்து, "இந்த வருஷம் ஊர் ஏழைங்க எல்லாத்துக்கும் என் பித்ராவும் ஜக்காத்தும் அரிசியாவே" என்று பள்ளிவாசலில் சொல்ல வைத்தார். ஊரே அவரைப் புகழ்ந்தது. அம்மாவும் அன்றைக்கு அவருக்காக துஆச் செய்தாள்.

நோன்பின் கடைசி நாள், பிற்பகல் அசர் தொழுகைக்குப் பிறகு கிடங்கு வாசலில் பெண்கள் கூடினோம். அஜரத் கையேந்தி துஆ ஓத, மண்டி ராவுத்தர் நாற்காலியில் சாய்ந்து மணியை உருட்டிக்கொண்டு ஆமீன் சொன்னார். கோணியை அவிழ்த்ததும் அந்த வாடை எழுந்தது. வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் ஒன்றுபோலத் துப்பட்டி முனையால் மூக்கைப் பொத்திக்கொண்டதும், ராவுத்தரும் வாசனைக் கைக்குட்டையை எடுத்து மூக்கில் வைத்துக்கொண்டதும் இப்போதும் கண்ணில் நிற்கிறது. அவருக்குத் தெரியாமல் நடந்தது என்று பிற்பாடு சிலர் சமாதானம் சொன்னார்கள். கைக்குட்டையை நான் பார்த்தேன்.

அரிசி உதிரவில்லை. புழு நூல் கட்டிப் பின்னியதில் பச்சையும் கறுப்புமாகக் கட்டி கட்டியாக விழுந்தது. கட்டிக்குள்ளே வெள்ளைப் புழுக்கள் நெளிந்தன. எனக்கு முன்னால் நின்ற மைமூன் அக்கா, எங்கள் அடுத்த வீட்டுக்காரி, கண்ணை இறுக மூடிக்கொண்டு பெட்டியை நீட்டினாள். அம்மாவும் அப்படியே வாங்கிக்கொண்டாள். வேண்டாம் என்று சொல்ல யாருக்கும் வாயில்லை, பசி அப்படி.

மைமூன் அக்கா அன்று பொழுதிறங்கி மஃரிபு பாங்கு சொல்வதற்குள் அதைக் கழுவிக் கழுவி உலையேற்றிவிட்டாள். அவளுடைய நாலு வயது மகன் பசி பொறுக்காமல் அள்ளித் தின்றான். பிறை தெரிந்துவிட்டது என்று தெருவெல்லாம் சந்தோஷப்படும்போது அவன் வாந்தி எடுக்க ஆரம்பித்தான். தின்றதெல்லாம் போய், தண்ணீர் போய், கடைசியில் பச்சையாகப் பித்தம் வந்தது. அம்மா அவனை மடியில் போட்டுச் சுக்குத் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாகப் புகட்டினாள். பையன் பிழைத்துக்கொண்டான். ஆனால் விடிந்தபோது அம்மாவின் முகம் வேறாக இருந்தது.

பெருநாள் காலையில் குளித்து, இருந்ததில் நல்ல சேலையைக் கட்டி, எங்கள் பங்கு அரிசியை அடுப்பில் ஏற்றினாள். எனக்குப் பயமாக இருந்தது.

"நம்ம சாப்பிடவாம்மா?"

"நமக்கில்ல. நீ என்கூட வா."

ஆண்கள் தொழுகை முடிந்து, ஒருவரையொருவர் தழுவிக்கொண்டு, மண்டி ராவுத்தர் வீட்டுப் பந்தலில் விருந்துக்கு உட்கார்ந்திருந்தார்கள். எங்கள் விருந்துகளில் 'சகன்' என்னும் பெரிய தாம்பாளத்தில் சோற்றைக் கொட்டி, அதைச் சுற்றி நாலைந்து பேர் உட்கார்ந்து ஒரே தட்டில் உண்பார்கள். பணக்காரன் கையும் கூலிக்காரன் கையும் ஒரே சோற்றில் படவேண்டும் என்று அதற்கு விளக்கம் சொல்வார்கள். ராவுத்தரின் சகனில் அஜரத்தும் ஊர்ப் பெரியவர்களும் இருந்தார்கள். நெய்ச்சோறு பளபளத்தது. அம்மா சட்டியோடு பந்தல் காலுக்குப் பக்கத்தில் போய் நின்றாள்.

"என்ன ஜுலைகா, பொம்பளைங்களுக்கு அங்கிட்டு, கொல்லைப் பக்கம்" என்றார் ராவுத்தர்.

"சாப்பிட வரலைங்க மாமு. கொடுக்க வந்திருக்கேன். நீங்க குடுத்த அரிசி. ஆக்கிக் கொண்டாந்திருக்கேன். ஒரே ஒரு வாய் சாப்பிடுங்க."

மூடியை எடுத்தாள். வேகவைத்ததில் வாடை இன்னும் வீரியமாகி இருந்தது. அருகில் இருந்தவர்களின் கை அப்படியே நின்றது. ஒருவர் திரும்பித் துப்பினார்.

"கழுவத் தெரியாம ஆக்கியிருக்கே" என்றார் ராவுத்தர். குரலில் கோபம்கூட இல்லை. "நல்லாத் தேச்சுக் கழுவணும். ஒனக்கு வேணாம்னா விட்டுட்டுப் போ. வாங்கிக்க ஆளா இல்ல?"

அம்மா அவரைவிட்டு அஜரத்தின் பக்கம் திரும்பினாள். "அஜரத்து, நீங்கதான் திரைக்கு அந்தப் பக்கமிருந்து சொன்னீங்க. ஒனக்கு ஒருத்தன் குடுத்தா கண்ணை மூடிக்கிட்டுத்தான் வாங்குவேன்னா, அந்தப் பொருளை அடுத்தவனுக்குக் குடுக்காதேன்னு அல்லா சொல்லியிருக்கான்னு. நேத்து நாங்க எல்லாரும் கண்ணை மூடிக்கிட்டுத்தான் வாங்கினோம். இது பித்ராவாகுமான்னு நீங்க சொல்லுங்க."

அஜரத் விரல்களைப் பார்த்தார். விரல்களில் நெய் இருந்தது. "பெருநாளும் அதுவுமா எதுக்கும்மா. அப்புறம் பேசிக்கலாம்" என்றார்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்குப் புழுவைவிடக் குமட்டலானது. அம்மா சட்டியைத் தரையில் வைத்துவிட்டு விலகியதும், அந்தச் சகனைச் சுற்றியிருந்தவர்கள் எழுந்தார்கள். எழுந்து போவதற்கல்ல, தாம்பாளத்தைத் தூக்கி, வாடை வராத திசைக்கு நகர்த்தி வைத்து, மறுபடி உட்கார்ந்து சாப்பிட்டார்கள். கறித்துண்டை எலும்பிலிருந்து உறிஞ்சும் சத்தம் கேட்டது. நோன்பு பிடிப்பதே பசியின் கொடுமையை அறிந்துகொள்ளத்தான் என்று ஒவ்வொரு வருஷமும் பயானில் கேட்ட அதே ஆட்கள்.

அன்று பிற்பகல் மைமூன் அக்கா தன்னிடம் மிச்சமிருந்த அரிசியைக் கொண்டுபோய்க் கிடங்கு வாசலில் கொட்டினாள். அதைப் பார்த்து இன்னொருத்தி. மஃரிபுக்குள் அந்த வரிசையில் நின்ற பெண்களில் அநேகம் பேர், வீட்டில் வேறு மணி அரிசி இல்லாதவர்கள், வந்து கொட்டிவிட்டுப் போனார்கள். யாரும் சத்தம் போடவில்லை. கோழிகள் வந்து கிளறிவிட்டு விலகின. மறுநாள் மண்டிக்கு வந்த வியாபாரிகள் மூக்கைப் பிடித்துக்கொண்டு என்னவென்று விசாரித்தார்கள். அப்போதுதான் ராவுத்தருக்கு முகம் கறுத்தது. ஆளை விட்டு வாரி வண்டியில் ஏற்றி அப்புறப்படுத்தினார். பள்ளிவாசலுக்குப் போய்த் தன் கடமை முடிந்ததா இல்லையா என்று அஜரத்திடம் கேட்டார். கையைவிட்டுப் போன பொருளுக்கு அவர் பொறுப்பில்லை, கடமை முடிந்தது என்று அஜரத் தீர்ப்புச் சொன்னாராம். அம்மா இதைக் கேட்டுச் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை. கொட்டகைத் திரைக்கு முன்னால் அதற்குப் பிறகு அவள் போய் உட்காரவேயில்லை. தொழுகையை மட்டும் ஒரு வேளையும் விடாமல் வீட்டிலேயே தொழுதாள்.

எங்கள் அடுப்பில் சோறு வேகவில்லை. முருங்கைக்கீரையை உப்புப் போட்டு அவித்து ஒரு வேளை தின்றோம். பெருநாள் கழிந்ததும் ஆறு நோன்பு பிடிப்பது நன்மை என்று எனக்கு ஓதக் கொடுத்திருந்தார்கள். அது நினைவுக்கு வந்து, பெரிய யோசனை கண்டுபிடித்தவள்போல அம்மாவிடம் சொன்னேன்:

"எப்படியும் சோறு இல்ல. மனசுலே நோன்புன்னு நிய்யத்து வச்சிக்கிட்டா நன்மையாவது கெடைக்கும்லம்மா."

அம்மா என்னைப் பக்கத்தில் இழுத்துத் தலையைத் தடவினாள்.

"வேணாம். சோறு இருந்து, வேணாம்னு வச்சாத்தான் அது நோன்பு. இது பட்டினி. பட்டினிக்கு நோன்புன்னு நம்ம பேர் வச்சா, புழுத்ததுக்கு தர்மம்னு பேர் வச்ச ஆளுக்கும் நமக்கும் என்ன வித்தியாசம்? அல்லாகிட்ட பசிக்குதுன்னு சொல்லு. பொய் சொல்லாதே."

நான் ஓதக் கற்றுக்கொண்ட மார்க்கத்தில் எதை மறந்தாலும் இதை மறந்ததில்லை.

யுத்தம் முடிந்து அத்தா எலும்பும் தோலுமாகத் திரும்பி வந்தார். மண்டி ராவுத்தர் ஹஜ்ஜுக்குப் போய்த் திரும்பியபோது ஊரே கூடி மாலை போட்டது. மைமூன் அக்காவின் மகன் வளர்ந்து லாரி ஓட்டி, பேரப்பிள்ளைகளையும் பார்த்துவிட்டான். அம்மா போய்விட்டாள். அரிசியைக் கொட்டிய பெண்களில் இப்போது ஒருவரும் இல்லை. அவர்கள் குடியிருந்த ஓலை வீடுகளும் அந்தத் தெருவில் இல்லை. பள்ளிவாசல் மாடி எழுந்து பளிங்கு போட்டாகிவிட்டது. கிடங்கு இருந்த இடத்தில் ராவுத்தரின் பேரன்கள் தாத்தா பெயரில் ஒரு கல்யாண மண்டபம் கட்டியிருக்கிறார்கள். வாசலில் 'வள்ளல்' என்று போட்டிருக்கிறது. சொந்தபந்தம் என்று அழைப்பு வருகிறது, போகாமலிருக்க முடிவதில்லை. போகிறேன், பெண்ணையும் மாப்பிள்ளையையும் வாழ்த்துகிறேன். பந்தியில் உட்காரச் சொல்லிக் கையைப் பிடித்து இழுப்பார்கள். வயிறு சரியில்லை என்று சொல்லிவிட்டு வந்துவிடுகிறேன். அது பொய்யில்லை.