அச்சில் மாறி விழுந்த முகம்

அக்காவின் கல்யாணம் நின்றுபோனதற்கு நான்தான் காரணம். இந்த ஒரு வரியை எழுத எனக்கு அறுபது வருடங்களுக்கு மேல் ஆகியிருக்கிறது.

பிரெஞ்சுக்காரர்கள் எங்கள் ஊரின் நிர்வாகத்தை ஒப்படைத்து மூன்று வருடம் ஆகியிருந்தது. ஊரைச் சுற்றியிருந்த சுங்கச் சாவடிகளுக்கு வேலை இல்லாமல் போனதால், அங்கே எழுத்தராக இருந்த அப்பாவை வேறோர் அலுவலகத்தில் மூலையில் மேசை போட்டு உட்கார வைத்திருந்தார்கள். இனிமேல் பிரெஞ்சு மட்டும் உதவாது, இங்கிலீஷும் வேண்டும் என்பது அவர் பயம். மாலையில் நான் இங்கிலீஷ் படிக்கப் போவதாக நினைத்துக்கொண்டிருந்தார். நானோ முத்தியால்பேட்டையிலிருந்து நடந்து, வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் நடந்த ஓவிய வகுப்புக்குப் போனேன். முன்பு ஒரு முறை அப்பா என் நோட்டில் படங்களைப் பார்த்துவிட்டு, "இன்னொரு தடவ இதப் பாத்தேன், படிப்ப நிறுத்திட்டு மில்லுல சேத்துடுவேன்" என்று சொல்லியிருந்தார். அவர் சொன்னால் செய்கிறவர்.

எதிலும் என் கை நிற்கவில்லை. கரிக்கட்டியில் நிழலெல்லாம் என் முழங்கையோடு வந்துவிடும். நீர்வண்ணம் கடற்காற்றின் ஈரத்தில் காயாமல் ஒன்றோடொன்று கலந்து சேறாகும். களிமண்ணில் செய்த தலை மூன்றாம் நாள் நெற்றியில் வெடித்தது. கடைசியில் லினோலியம் கிடைத்தது. தங்கள் நாட்டுக்கே திரும்பிய ஒரு பிரெஞ்சுக் குடும்பம் ஏலத்தில் விட்டுப்போன தரைவிரிப்பு அது. துண்டாக நறுக்கி வெயிலில் வைத்தால் வெண்ணெய்போல் இளகும். குடைக்கம்பியைத் தீட்டி உளி செய்துகொண்டேன். மை தடவித் தாளில் அச்செடுத்தால் கம்பி போன இடம் வெள்ளை, மிச்சமெல்லாம் கறுப்பு. திருத்தவும் முடியாது, மழுப்பவும் முடியாது. எனக்கு அது பிடித்திருந்தது.

அந்த மாதங்களில்தான் அக்காவுக்கு இடம் குதிர்ந்தது. மாப்பிள்ளை காலாப்பட்டுப் பக்கம் பள்ளி ஆசிரியர். பெண் பார்க்க வந்தபோது தண்ணீர் கேட்டதைத் தவிர அவர் ஒன்றும் பேசவில்லை. அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு, "அவரு கொரலு நல்லா இருக்கு, இல்லடா?" என்று அக்கா என்னிடம் மூன்று தடவை கேட்டாள். தை மாதத்தில் வெற்றிலை பாக்கு மாற்றுவதாகப் பேசி முடித்திருந்தார்கள்.

ஒரு வெள்ளிக்கிழமை அக்கா எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டுக் கிணற்றடியில் தலை காயவைத்துக்கொண்டிருந்தாள். கூந்தல் இடுப்பைத் தாண்டி விழுந்திருந்தது. கறுப்பில் வெள்ளைக் கீறல் போட அதைவிட நல்ல உருவம் எங்கே கிடைக்கும்? அப்படியே உட்காரச் சொன்னேன். "பேய் மாரி வரஞ்சி வெக்காத" என்றாள். பிறகு, யாருக்கும் காட்டக்கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டாள். செய்தேன்.

கீழே என் பெயரை நேராக வெட்டியதால் அது அச்சில் திரும்பி விழுந்து யாராலும் படிக்க முடியாமல் போனது. வகுப்பில் சிரித்தார்கள். வெட்கப்பட்டுப் பெயரையே செதுக்கி எடுத்துவிட்டேன். பெயரில்லாத அந்தப் படத்தைப் பள்ளிக்கூடத்துக் கண்காட்சிக்குக் கொடுத்தேன். என் கையிலிருந்து வந்த முதல் நல்ல படம் அது. அக்காவிடம் சொல்லவில்லை.

கண்காட்சியின் இரண்டாம் நாள் மாப்பிள்ளையின் தாய்மாமன் வீட்டுக்கு வந்தார். உங்கள் பெண்ணின் படம் ஒரு சுவரில் தொங்குகிறது, நேரில் வந்து பாருங்கள் என்று அப்பாவை அழைத்தார். அப்பா துணைக்கு என்னைக் கூப்பிட்டார். வழி முழுக்க அவருடைய செருப்பைப் பார்த்துக்கொண்டே பின்னால் நடந்தேன்.

படத்தின் முன் மாப்பிள்ளையின் அம்மா நின்றிருந்தார். "இது ஒங்க பொண்ணுதான?" என்று கேட்டார்.

அப்பா வெகுநேரம் பார்த்தார். முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. "இல்லம்மா. எம் பொண்ணுக்கு மூக்குத்தி வலப்பக்கம். இதுல எடப்பக்கம்ல இருக்கு."

தாய்மாமன் அச்சாபீசில் எழுத்துக் கோப்பவர். "அச்சுல எல்லாம் மாறித்தான் விழும் சம்மந்தி. முப்பது வருசமா அதுதான எனக்கு வேல" என்றார்.

அப்பா மறுபடியும் படத்தைப் பார்த்தார். இந்த முறை அவருக்குத் தெரிந்துவிட்டது. யார் வரைந்தது என்று அந்த அம்மாள் கேட்டார். பெயர் இல்லை. "எவன் முன்னாடி தலய விரிச்சிக்கினு ஒக்காந்தாளோ, அவனயே கட்டிக்கச் சொல்லுங்க" என்றார்.

நான் இரண்டடி தள்ளி நின்றிருந்தேன். 'நான்தான் வரைந்தேன், நான் அவள் தம்பி' என்று சொல்லியிருந்தால் அதோடு முடிந்திருக்கும். அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். சந்தேகத்தோடு அல்ல, துணை தேடித்தான். மில்லின் சங்கு என் காதில் கேட்டது. எதிர்ச் சுவரில் யாரோ வரைந்திருந்த படகுகளைப் பார்க்கத் தொடங்கினேன். இன்னொன்றையும் ஒப்புக்கொள்கிறேன். அந்த நேரத்திலும், மற்ற படங்களைவிட என் படத்தில் கறுப்பு நன்றாக விழுந்திருக்கிறது என்று நினைத்தேன்.

வீட்டில் அப்பா கேட்டபோது அக்கா என்னைத்தான் பார்த்தாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, தெரியாது என்றாள். அந்தத் தையில் அந்த ஆசிரியருக்கு வேறு பெண்ணோடு கல்யாணம் நடந்தது.

பரீட்சை முடியட்டும், சொல்லிவிடலாம் என்றிருந்தேன். பரீட்சை முடிந்தது. வகுப்பு முடியட்டும் என்றிருந்தேன். அதன் பிறகு அப்பா என்னை எங்கே போகிறாய் என்று ஒருநாளும் கேட்கவில்லை. தப்பித்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

நான்கு வருடம் கழித்து அக்காவை இரண்டாம் தாரமாகக் கொடுத்தார்கள். கட்டிக்கொண்டவர் பிரெஞ்சுப் படையிலிருந்து ஓய்வு பெற்றவர், எங்கள் ஊர்ப் பேச்சில் சொல்தா. வயது ஐம்பதுக்கு மேல். பிரெஞ்சுக் குடியுரிமை உள்ளவர். அறுபத்திரண்டாம் ஆண்டில் அவளை அழைத்துக்கொண்டு பிரான்சுக்குக் கிளம்பினார்.

ரயிலடியில் அக்கா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். வண்டி கிளம்பக் கொஞ்ச நேரமே இருந்தது. "அக்கா, அன்னிக்கி அந்தப் படம்..." என்று தொடங்கினேன்.

"மறுநாளே அப்பாகிட்ட சொல்லிட்டேன்டா" என்றாள். "அவன ஒண்ணும் கேக்காதீங்கன்னும் சொன்னேன்."

அவளே மெதுவாகச் சொன்னாள். அதைக் கேட்ட அன்று மாலையே அப்பா மாப்பிள்ளை வீட்டுக்குப் போயிருக்கிறார். வரைந்தது என் மகன்தான் என்று சொல்லியிருக்கிறார். அவர்கள் நம்பவில்லை.

"'ஒங்க பையன் அங்கதான நின்னான், அப்ப ஏன் வாயத் தொறக்கல'ன்னு கேட்டாங்களாம். அப்பா எந்திரிச்சி வந்துட்டாரு."

அப்பா சற்றுத் தள்ளி, பெட்டிகளை எண்ணிக்கொண்டு கூலியாளோடு பேசிக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு பதினோரு வருடம் இருந்தார். ஒரே வீட்டில் இருந்தோம், எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டோம். அவர் என்னைக் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.