இடிமழையை மிச்சம் வைத்தவர்

கண்ணாடிக்காரர் செலவிலும் கஞ்சன், பேச்சிலும் கஞ்சன் என்று அவர் மனைவி சொல்வாள். செலவைப் பற்றிச் சொன்னது பாதிப் பொய். பேச்சைப் பற்றிச் சொன்னதில் ஒரு சொட்டுப் பொய் கிடையாது. கடைத்தெருவில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் அவருக்கு வேலை. முன்பக்கம் விளக்கு வெளிச்சமும் ஆளுயரக் கண்ணாடியுமாகப் பளபளக்கும். பின்னறையில் ஒரு ஈரச் சாணைக்கல், ஒரு வாளித் தண்ணீர், நகக்கண்ணில் ஏறிய வெள்ளைச் சேறு. லென்ஸைச் சட்டத்துக்கு ஏற்றபடி தேய்த்துக் கொடுக்க வேண்டும். குறைவாகத் தேய்த்தால் இன்னொரு தரம் தேய்க்கலாம். கூடத் தேய்த்துவிட்டால் எடுத்ததை ஒட்டவா முடியும்? ஆயுள் முழுக்க அந்தக் கல்லோடு குடித்தனம் நடத்தியவர் வாயையும் அதே கணக்கில்தான் நடத்தினார். கேட்டதற்குப் பாதிப் பதில், மீதி பிறகு. அந்தப் பிறகு பெரும்பாலும் வராது.

இப்படிப்பட்டவருக்கு வீடியோ கேம் பித்து பிடித்தது மகளால். அவளுக்கு ஒரே மகள் என்ற செல்லம் உண்டு, மோட்டார் என்ஜின் படிப்பு உண்டு, ஒரு சிநேகிதியிடமிருந்து வந்த பழைய கேம் பெட்டியும் உண்டு. கூட ஆடத்தான் ஆள் இல்லை.

“அப்பா, ஒரு ஆள் குறையுது. வந்து உக்காருங்க.”

குகையும் பூதமும் நிறைந்த ஆட்டம் அது. கேடயமும் கோடாரியும் பிடித்த வீராங்கனையை அவள் எடுத்துக்கொண்டாள். அவருக்குத் தாடியும் தொளதொள அங்கியுமாக ஒரு மந்திரவாதியைத் தள்ளிவிட்டாள். “உங்களுக்கு ஏத்த ஆளுப்பா. வாய் பேசவே வேண்டாம், கைய ஆட்டினா போதும்.”

முதல் நாள் மனிதர் வீரமாக முன்னால் ஓடி, ஒரே அடியில் போய்ச் சேர்ந்தார். மகள் தலையில் அடித்துக்கொண்டாள். “மேல இருக்கிறது துணிப்பா, இரும்பு இல்ல. என் முதுகுக்குப் பின்னாடி நில்லுங்க.”

நின்றார். நின்றுதான் கற்றார். தூரம் விடக்கூடாது, நெருங்கவும் கூடாது. வருகிறவனை முதலில் உறைய வை, பிறகு எரி. திரையின் ஓரத்து நீலக்கோட்டின் மேல் ஒரு கண் இருக்கட்டும். மந்திரம் போடப் போட அது தேயும், தீர்ந்தால் நீ வெறும் தாடிக்காரன். எல்லாவற்றுக்கும் மேலே இடிமழை என்று ஒரு மந்திரம். ஒரே தடவையில் கோடு முழுவதையும் குடித்துவிடும். பெரிய பூதம் கத்திக்கொண்டிருக்கும் வரை அதன்மேல் எதுவும் ஒட்டாது. கத்திக் களைத்து, கையைத் தொங்கப் போட்டு மூச்சு வாங்கும் பாருங்கள், அப்போது போட வேண்டும். அதுவரை விழுகிற அடியெல்லாம் மகளின் கேடயத்தில்தான்.

“இப்பவாப்பா?”

“பொறும்மா.”

“தாங்காதுப்பா.”

“பொறு. ம், இப்ப.”

பூதம் சாயும். பின்னால் அப்பா இருக்கிறாரா என்று அவள் ஒருநாளும் திரும்பிப் பார்த்ததில்லை. அந்தப் பெருமையை அவர் மறுநாள் சாணைக்கல்லிடம் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். பதறாத காரியம் சிதறாது என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

படிப்பு முடிந்ததும் மகளுக்குச் சரக்குக் கப்பல் ஒன்றில், இயந்திர அறையில் வேலை கிடைத்தது. அவள் கேட்டதும் அதுதான், கனவு கண்டதும் அதுதான். அவளுடைய தாய்மாமன், டைல்ஸ் கடைக்காரர், காதில் விழுந்த கையோடு வருகிறேன் என்று சொல்லி அனுப்பினார். அன்று காலை அவள் அப்பாவைத் தனியாகப் பிடித்தாள்.

“மாமா கத்துவார், அம்மா அழுவாங்க. அதையெல்லாம் நான் பாத்துக்கறேன். நீங்க ‘போகட்டும்’னு ஒரு வார்த்தை சொன்னா போதும்.”

தலையாட்டினார்.

மச்சான் வந்தார், நின்றபடியே ஆரம்பித்தார். “எண்ணெயும் கரியுமா நிக்கறதுக்கா இவளைப் படிக்க வெச்சோம்? நாளைக்கு யார் பதில் சொல்றது?” அம்மா மூக்கை உறிஞ்சினாள். மகள் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னாள். சொல்லச் சொல்ல அடி பலமானது. கண்ணாடிக்காரர் நாற்காலியில் அசையாமல் இருந்தார். வார்த்தை நாக்கு நுனியில்தான் இருந்தது. மச்சான் உட்காரட்டும், குரல் இறங்கட்டும், அப்போது சொன்னால்தான் ஒட்டும் என்று காத்திருந்தார். பூதத்துக்காவது மூச்சு வாங்கும். காலையிலிருந்து இரவு வரை பேரம் பேசிப் பழகிய தொண்டைக்கு வாங்குமா?

கடைசியில் மச்சானே கதவைத் திறந்துவிட்டார். “மாப்ள, நீங்க என்ன சொல்றீங்க?”

மச்சான் இன்னும் நின்றுகொண்டுதான் இருந்தார். “பாக்கலாம் மச்சான்,” என்றார் கண்ணாடிக்காரர்.

மகள் திரும்பிப் பார்த்தாள். பிறகு, “சரி மாமா, போகல,” என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். அப்போதுதான் மச்சான் உட்கார்ந்தார். சொல்வதற்கு நேரம் வந்திருந்தது, யாருக்காகச் சொல்வது?

கப்பல் வேறொரு ஆளோடு போய்விட்டது. மகள் இப்போது மாமன் கடையில் டைல்ஸ் விலை சொல்கிறாள். அப்பாவிடம் அவளுக்குக் கோபமில்லை. இருந்திருந்தால் அவருக்கு ஆறுதலாக இருந்திருக்கும். சாப்டீங்களா, மாத்திரை போட்டீங்களா என்று மரியாதையாகக் கேட்கிறாள். விளையாட மட்டும் வருவதில்லை. அவர் தனியாக ஆடிப் பார்த்தார். முன்னால் கேடயம் இல்லாத மந்திரவாதி பின்வாங்கிப் பின்வாங்கிக் குகைச் சுவரில் முட்டிக்கொண்டு நின்றான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் கேட்டேவிட்டார். “ஒரு ஆட்டம் வரியாம்மா?”

வந்தாள். குகை வாசலில் நோஞ்சான் நரி ஒன்று அவள்மேல் பாய்ந்தது. கோடாரியின் பின்பக்கத்தால் தட்டினாலே போதும். அவர் இடிமழையைப் போட்டார். திரை வெளுத்தது, நரி சாம்பல், நீலக்கோடு காலி.

“நரிக்காப்பா?” என்றாள்.

“போகட்டும்னு அன்னைக்குச் சொல்லியிருக்கணும்மா. உங்க மாமா உக்காரட்டும்னு பாத்தேன். தப்பு பண்ணிட்டேன்.”

அவள் குகைக்குள் நடந்தாள். பூதம் வந்தது. போட அவரிடம் ஒன்றும் இல்லை. என்ன தோன்றியதோ, அங்கியைத் தூக்கிக்கொண்டு அவள் கேடயத்துக்கு முன்னால் ஓடி நின்றார். ஒரே அடி. அவள் கொஞ்ச நேரம் தனியாகத் தாக்குப்பிடித்து, பிறகு அவளும் விழுந்தாள்.

“முன்னாடி வந்து நில்லுங்கன்னு நான் என்னைக்காவது கேட்டேனாப்பா?” அவள் குரல் தணிந்தே இருந்தது. “பின்னாடி நின்னது தப்பே இல்ல. போட வேண்டியப்ப போட்டிருந்தா போதும்.”

கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பார்கள். ஊருக்கெல்லாம் கண்ணாடி தேய்த்துக் கொடுத்தவருக்கு அது அன்றுதான் உறைத்தது. மறுபடி ஆடலாமா என்று திரை கேட்டுக்கொண்டிருந்தது. அவர் மகளின் முகத்தைப் பார்த்தார்.

“பாக்கலாம்பா,” என்று சொல்லிவிட்டு அவள் எழுந்து போனாள்.