ஆறாவது ராடின் போல்ட்

உடைந்த எஞ்சின் எதனால் உடைந்தது என்று கண்டுபிடித்து எழுதித் தருவதுதான் யசோதராவின் வேலை. கேஜிஎஃப் தங்கவயலின் பாலகாடு பகுதியில் குடியிருக்கிறார், வயது நாற்பத்து மூன்று. முன்பு ஒரு தொழிற்சாலையில் பதினான்கு வருடம் இதே வேலை பார்த்தார். அங்கே ஒருமுறை மேலதிகாரி சொன்னாரென்று அறிக்கையில் ஒரு வரியை எடுத்துவிட்டார். பழி ஒரு கிரேன் ஆபரேட்டர் மேல் விழுந்து அவருக்கு வேலை போனது. மறுவருடம் யசோதரா ராஜினாமா செய்தார். இப்போது லாரிக்காரர்களும் போர்வெல் வண்டிக்காரர்களும் அவரைக் கூப்பிடுகிறார்கள்.

போன பிப்ரவரியில் கூப்பிட்டவர் மமதா, பெங்களூரு வக்கீல். அவருடைய மாமனார் ஆசையாக வைத்திருந்த 1951ஆம் வருடத்து இங்கிலாந்து கார், தங்கவயலுக்கு வெளியே பேத்தமங்களா சாலையில் வெடித்தது போல் சத்தம் போட்டு நின்றுவிட்டது. ஓட்டியவர் பர்னபாஸ். கேஜிஎஃப்காரர், மமதா வீட்டில் இருபத்திரண்டு வருடமாக டிரைவர். அவர் மகள் சாராவின் கல்யாணத்துக்காக மமதாவே காரைக் கொடுத்திருந்தார். சர்ச்சில் கல்யாணம் முடிந்து, பெண்ணையும் மாப்பிள்ளையையும் ஏரிக்கரையில் போட்டோ எடுக்க அழைத்துப் போகும் வழியில் இது நடந்தது.

காரைத் தங்கவயலிலேயே நந்திதுர்க் பகுதியில் ஒரு லாரி ஷெட்டுக்கு இழுத்து வந்திருந்தார்கள். நான்கு மாதம் முன்பு எஞ்சினைப் பிரித்துப் பூட்டிய கராஜ்காரர்கள், பர்னபாஸ் ஆயில் இல்லாமல் ஓட்டியிருக்கிறார் என்று போனிலேயே சொல்லிவிட்டார்கள். எஞ்சினில் ஒரு சொட்டு ஆயில் இல்லை என்பதும் உண்மைதான்.

யசோதரா இரண்டு நாள் உட்கார்ந்து பிரித்தார். எஞ்சினின் பக்கச் சுவரில் உள்ளங்கை அகலத்துக்கு ஓட்டை. ஆறாவது பிஸ்டனை மேலும் கீழும் தள்ளும் இரும்புத் தண்டான ராட் கழன்று சுவரை உடைத்திருந்தது. ஆயில் கொட்டியது அந்த ஓட்டை வழியாகத்தான். முன்பே ஆயில் இல்லாமல் ஓடியிருந்தால் ராடுகளின் ஆறு பேரிங்கும் கருகியிருக்கும். ஐந்து நன்றாகவே இருந்தன. ஆறாவது ராடைப் பிடித்திருந்த இரண்டு போல்ட்டில் ஒன்று முறிந்திருந்தது. முறிந்த இடத்தைக் கழுவி லென்ஸ் வைத்துப் பார்த்தார். பாதிக்கு மேல் கறுத்து வழவழவென்று அலை அலையாகக் கோடுகள், மீதி மட்டும் புதிதாகப் பிய்ந்து மின்னியது. வெகுநாளாக உள்ளே வளர்ந்து வந்த விரிசல். கராஜில் புது போல்ட் மாற்றாமல் பழையதையே திருப்பிப் போட்டிருக்கிறார்கள்.

இதைச் சொன்னபோது பர்னபாஸ் முகத்தில் சந்தோஷம் வரவில்லை.

"இல்லம்மா. ஊரைத் தாண்டனதுமே டக்கு டக்குனு சத்தம் வந்துச்சு. தெரிஞ்சேதான் ஓட்னேன்."

"எவ்ளோ தூரம்ணா?"

"நாலு கிலோமீட்டர் இருக்கும். அப்பவே நிறுத்தியிருந்தா?"

"போல்ட் எப்படியும் போயிருக்கும். சுவர் ஒடைஞ்சிருக்காது."

"அப்போ அதையும் எழுதுங்கம்மா."

"இன்னாண்ணா பேசறீங்க? உங்க வேலை போயிட்டா?"

"இருபத்திரண்டு வருசம் அந்த அம்மாகிட்ட பொய் சொன்னதில்ல. எழுதுங்க."

அன்று சாயங்காலம் யசோதரா அறிக்கை எழுத உட்கார்ந்தார். கிரேன் ஆபரேட்டரின் முகம் ஞாபகத்துக்கு வந்துகொண்டே இருந்தது. கடைசியில் இரண்டையும் எழுதினார். உடைந்ததற்குக் காரணம் போல்ட். சத்தம் கேட்டும் நிறுத்தாததால் சேதம் கூடியது.

மமதா ஷெட்டுக்கே வந்து நின்றபடி படித்தார்.

"ஏன் நிறுத்தல, பர்னபாஸ்?"

"பின்னாடி எம்பொண்ணு சிரிச்சிகினு வந்தா மேடம். கல்யாணப் புடவையோட நடுரோட்ல நிக்க வைக்க மனசு வரல."

மமதா காகிதத்தை மடித்துப் பையில் வைத்தார். "எனக்குக் கோபம்தான். மாமா இருந்திருந்தா இன்னும் கோபப்பட்டிருப்பார்." தான் வந்த கார் வரைக்கும் போய்த் திரும்பினார். "திங்கட்கிழமை டியூட்டிக்கு வந்துடுங்க."

கராஜ்காரர்கள் போல்ட்டின் படங்களைப் பார்க்கும் வரை வாதாடினார்கள். பிறகு ரிப்பேர் செலவைத் தாங்களே ஏற்றுக்கொண்டார்கள். கோயம்புத்தூரில் ஓட்டையை அடைத்து வர ஏழு மாதம் ஆனது. பூட்டுவதற்கு முன் ஆறு ராடுகளின் மீதிப் பதினோரு போல்ட்டுகளையும் யசோதரா கேட்டு வாங்கிச் சோதித்தார். இன்னும் இரண்டில் விரிசல் இருந்தது.

அக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை யசோதராவை ஏற்றிப் போக பர்னபாஸ் அந்தக் காரைப் பாலகாட்டுக்கே ஓட்டி வந்தார். யசோதரா வீட்டில் இல்லை. ஒரு போர்வெல் லாரியைப் பார்க்கப் போயிருந்தார். அவர் கணவர் ஆனந்தன்தான் முன்சீட்டில் உட்கார்ந்து ஊரை ஒரு சுற்று சுற்றி வந்தார்.