உண்ணாவிரதப் பந்தலுக்கு வந்த சாம்பார் சாதம்

அப்பா மறைந்து ஓராண்டாகும் இந்நாளில் அவரை நினைத்து வந்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் அவருடைய ஒரே மகளின் வணக்கம்.

அப்பா பிறந்து வளர்ந்தது சைதாப்பேட்டையில். சிறு வயதிலேயே தந்தையை இழந்து, பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டுக் கல்யாணச் சமையலுக்குக் காய் நறுக்கப் போனார். பிறகு மயிலாப்பூர், தி.நகர் மண்டபங்களில் தலைமைச் சமையல்காரராக உயர்ந்தார். கோபக்காரர்தான், உப்பு கூடினால் கரண்டி பறக்கும். ஆனால் கடைசிப் பந்தி எழும்வரை தாம் ஒரு வாய் சாப்பிட மாட்டார்.

எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகப் படியேறிய முதல் ஆள் நான். இரண்டாம் ஆண்டில் கட்டணத்தை ஒரேயடியாக இரு மடங்காக்கினார்கள். எங்களுக்குக் கட்ட வழியில்லை. படிப்பை நிறுத்த வேண்டியதுதான் என்று அம்மா அழுதார். மாணவர்கள் நாங்கள் பல்கலைக்கழக வாசலில் பந்தல் போட்டு உண்ணாவிரதம் உட்கார்ந்தோம்.

இரவெல்லாம் சமையல் வேலையில் இருந்த அப்பாவுக்கு அது தெரியாது. யாரோ அவரிடம், "புள்ளைங்க நேத்துலேர்ந்து சாப்பிடாம கெடக்குதுங்க" என்று மட்டும் சொல்லியிருக்கிறார்கள். சாப்பிடவில்லை என்றால் சாப்பாடு பற்றவில்லை என்றுதான் அவருக்கு அர்த்தம். அடையாறில் ஒரு வளைகாப்புச் சமையலை முடித்த கையோடு, ஓர் அண்டா சாம்பார் சாதத்தை ஆட்டோவில் ஏற்றிவந்து பந்தலின் நடுவே இறக்கிவிட்டார்.

எனக்கு உயிரே போய்விட்டது. எதிரில் தொலைக்காட்சிக்காரர்கள். அண்டா கேமராவில் விழுந்தால் எங்கள் போராட்டம் சந்தி சிரித்துவிடும்.

"அப்பா, இது உண்ணாவிரதம்ப்பா!"

"அத மொதல்லயே சொல்லக் கூடாதாம்மா? நான் சோறு பத்தலன்னு நெனச்சிகினு ஓடியாறேன்!"

தோள் துண்டை அண்டாமேல் போர்த்தித் தூக்கிப்போய், எதிர்ச்சாரியில் வெயிலில் நின்ற காவலர்களுக்குப் பரிமாறினார். திரும்பிவந்து என் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். அவரோ சர்க்கரை நோயாளி. வீட்டுக்குப் போய்ச் சாப்பிடுங்கள் என்று கெஞ்சினேன்.

"பந்தி இங்க பட்டினியா உக்காந்துகினு கீது. நான் எப்டிம்மா போய்த் துன்றது?"

மாலையில் அவர் கை நடுங்கத் தொடங்கியது. போராட்டமாவது ஒன்றாவது, அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். பொழுது சாய்வதற்குள் பல்கலைக்கழகப் பதிவாளர் வெளியே வந்து, கட்டண உயர்வைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தார். பழரசம் வந்ததும் முதல் தம்ளரை அப்பாவிடம் நீட்டினேன். வாங்கவில்லை. எல்லாரும் குடித்த பிறகுதான் குடித்தார். அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது.

நான் பட்டம் வாங்கியதை அப்பா கண்ணால் பார்த்தார். சிறுநீரகம் பழுதாகிப் படுத்த கடைசி நாட்களிலும் புலம்பவில்லை. "உன் படிப்பு முடிஞ்சிச்சி, எனக்கு ஒரு கொறையும் இல்லம்மா" என்றார்.

மருத்துவமனைக்கு அலைந்த, நாங்கள் குடியிருக்கும் கோட்டூர்புரத்தின் அண்டை வீட்டாருக்கும், ரத்தம் கொடுத்தவர்களுக்கும் எங்கள் நன்றி. என்னோடு அன்று பட்டினி கிடந்த தோழர்களே, உங்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். நீங்கள் பாதியில் எழுந்து போயிருந்தால், மகளைப் படிக்கவைக்க முடியாத தகப்பன் என்ற எண்ணத்தோடுதான் அப்பா கண்ணை மூடியிருப்பார். அவர் நிம்மதியாகப் போனார்.