இரண்டாவது பஸ்

போர்க்காலம் அது. மாத்தளையில் எங்கள் அலுவலகக் கணினிகளை இணைக்கும் நெட்வேர்க் சுவிட்சுகள் இரண்டைப் பொருத்த வந்தவர் அவர். ஒல்லியான மனிதர், சட்டைப்பையில் எப்போதும் வயர்த் துண்டுகள்.

"இன்டர்நெட்டுக்கு வெளிய போற வாசல், அதாங்க கேட்வே, ரெண்டுக்கும் ஒன்னுதாங்க. ஒரு சுவிட்ச் வேலை செய்யும். 'நான் இருக்கேன்'னு மத்ததுக்குச் சொல்லிக்கிட்டே இருக்கும். அந்தச் சத்தம் நின்னா மத்தது பொறுப்பெடுத்துக்கும்" என்றார். சொன்ன கையோடு, நாங்கள் வேலையில் இருக்கும்போதே, ஓடிக்கொண்டிருந்த சுவிட்சின் வயரைப் பிடுங்கினார். எனக்கு உயிர் போய் வந்தது. கணினியில் எதுவும் நிற்கவில்லை. அவர் தேநீர் குடிக்கப் போய்விட்டார்.

மாலையில் பஸ் நிலையத்தில் அவரை மறுபடி கண்டேன். மனைவியைப் பலாபத்வல போகும் பஸ்ஸில் ஏற்றிவிட்டு, இடமிருந்தும் கீழேயே நின்றார். ஏதும் சண்டையோ என்று நினைத்தேன்.

"நீங்க போகலையா?"

"வீட்ல சின்னப் பிள்ளை இருக்குங்க. பஸ்ல குண்டு வெடிக்கிற காலம். ரெண்டு பேரும் ஒன்னா ஏறுறதில்ல. அவ போய் இறங்கினதும் மிஸ் கோல் தருவா. அப்புறந்தான் நான்."

அடுத்த பஸ் வந்தது. அவர் கையிலிருந்த போனையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் போக வேண்டியதும் அந்த பஸ்தான். கொண்டக்டர் இரண்டு முறை கூப்பிட்டார். அந்தப் போன் அடிக்கும்வரை நானும் ஏறவில்லை.