பெரியண்ணா கட்டிய அட்டைக் கபின்

எங்கள் பெரியண்ணா மன்னார்க் கரையில் பிறந்தவர். போரில் அப்பாவையும் வள்ளத்தையும் இழந்து கனடா வந்து, பிறம்ரன் நகரில் குசினி அலுமாரி செய்யும் தொழிற்சாலையில் உழைத்து எங்களைக் கரைசேர்த்தவர். இதெல்லாம் அவரின் ஓராண்டு நினைவுக்கு வரும் உங்களுக்குத் தெரியும். தெரியாததை எழுதுகிறேன். கோபத்தோடுதான் எழுதுகிறேன்.

ஊரில் கடற்றொழில் செய்யும் சின்னண்ணாவின் மரவள்ளத்தில் மழைக்கு ஒதுங்க இடமில்லை. அவருக்காகப் பெரியண்ணா மில்லிக்கனில் உள்ள எங்கள் வீட்டின் கார் விடும் கராஜில் பெரிய அட்டைப் பெட்டிகளை வெட்டி, வள்ளத்தில் வைக்க வேண்டிய கபினுக்கு முழு அளவில் ஒரு மாதிரி கட்டினார். மாமா வந்து பார்த்தார்.

"என்ன தம்பி, கோழிக்கூடு மாதிரிக் கிடக்கு. ஆள் நிமிர்ந்து நிக்கிற மாதிரிக் கட்டு."

"உயத்தினாக் காத்துப் பிடிக்கும் மாமா. வள்ளம் சரிஞ்சிடும். இருந்துகொண்டு ஓட்டினாக் காணும், நிக்கத் தேவையில்லை."

வலை இழுக்க ஒரே எட்டில் வெளியே வரவேண்டும் என்று பின்பக்கத்தைத் திறந்தே விட்டார். சின்னண்ணாவும் நானும் ஒரே உயரம். அதனால் என்னைத்தான் உள்ளே இருத்தி அளந்தார்.

"தலை இடிக்குதோ தங்கச்சி?"

என் தலைக்கும் கூரைக்கும் நடுவே தன் பொத்திய கையை வைத்துப் பார்ப்பார். அளவுகளை அட்டையிலேயே பென்சிலால் எழுதினார். மரத்தில் செய்ய ஊரில் தச்சருக்கு அந்த அட்டைகளையே அனுப்புவதாக இருந்தார்.

அதற்குள் நோயில் விழுந்தார். வைத்தியசாலையில் கடைசியாகத் தெளிவோடு சொன்னது, "கராஜுக்குள்ள ஒண்டையும் அசைக்காதேங்கோ." நான் ஓம் என்றேன்.

செத்தவீட்டன்று பனி கொட்டியது. வருகிறவர்களின் சப்பாத்து ஈரத்துக்காக மாமா கபினைப் பிரித்து வாசலில் விரித்துவிட்டார். கதிரை எடுக்கத்தான் கேட்கிறார் என்று கராஜைத் திறந்துவிட்டவள் நான். அந்தக் கோபம் என்மீதும் இருக்கிறது. நீங்கள் எல்லோரும் பெரியண்ணாவின் எழுத்தை மிதித்து வந்துதான் அழுதீர்கள். நான் கேட்டபோது மாமா, "வெறும் அட்டைதானே பிள்ளை" என்றார். வருடம் ஒன்றாகியும் அந்தச் சொல் எனக்குச் செரிக்கவில்லை. சின்னண்ணா இன்னும் நனைந்துகொண்டுதான் தொழிலுக்குப் போகிறார்.

அட்டைகள் ஈரத்தில் ஊறிக் கிழிந்துபோயின. எஞ்சியது என் உடம்பில் இருந்த அளவு மட்டுமே. கராஜுக்குள் உட்கார்ந்தும் எழும்பியும், தலைக்குமேல் என் கையைப் பொத்திப் பிடித்தும், அட்டையை நானே மறுபடி வெட்டினேன். பெரியண்ணாவின் கை பெரிது. அதற்காக ஒரு விரல் கூட்டி வைத்தேன்.

துயரில் கூட நின்றவர்களுக்கும், சமைத்துக் கொண்டுவந்தவர்களுக்கும், செபித்தவர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. சவப்பெட்டி தூக்கிய மாமாவுக்கும் நன்றி. அட்டையை விரித்ததை மட்டும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

ஓராண்டுத் திருப்பலி முடிந்து வீட்டுக்கு வருவீர்கள். கராஜில் கபின் நிற்கிறது, அடுத்த கிழமை ஊருக்குப் போகிறது. சப்பாத்துகளைத் தயவுசெய்து வெளியே பனியிலேயே கழற்றிவிட்டு வாருங்கள்.

தங்கச்சி